கணினியை வேகப்படுத்த எதை வாங்குவது? தனி வன்பொருளும் திறமூல மென்பொருளும்: ஓர் ஒப்பீடு

ஐந்தாறு பேர் பணிபுரியும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் எட்டு கோர்கள் கொண்ட ரைசன் செயலியும் 32 ஜிபி டிடிஆர்4 நினைவகமும் உள்ள ஒரு மேசைக் கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் இயங்குகிறது. பதிவுசெய்த நேர்காணல்களை எழுத்தாக்குவது, வெளியே அனுப்பக் கூடாத ஆவணங்களை உள்ளேயே ஒரு மொழி மாதிரியை (உரையைப் படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவு) கொண்டு சுருக்குவது, பழைய வீடியோக்களைச் சிறிய கோப்புகளாக மாற்றுவது, அவ்வப்போது அதிகத் துல்லியம் தேவைப்படும் எண் கணக்கீடுகளைச் செய்வது என்ற நான்கு வேலைகளும் அந்த ஒரே கணினியின் தலையில் விழுகின்றன. கணினி திணறுகிறது, கையில் ஓரளவு பணமும் இருக்கிறது. இருப்பதையே திருத்திப் பயன்படுத்துவதா, கிராஃபிக்ஸ் அட்டை வாங்குவதா, யுஎஸ்பியில் செருகும் சிறு முடுக்கி (ஒரே வகைக் கணக்கை விரைவாகச் செய்யும் சில்லு) போதுமா, உள் இணைப்புகளை நிரலால் மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லுப் பலகையில் இறங்கிப் பார்ப்பதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. மென்பொருள் திறமூலமாக, அதாவது மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடியதாக, இருக்க வேண்டும் என்பது இக்குழுவின் விருப்பம். அந்த விருப்பத்தைக் கொள்கைக்காக அல்லாமல், வாங்கிய பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கணக்குக்காகவே இங்கு எடைபோடுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இன்றும் அப்படியே பொருந்துகிறது: ஒரு வேலையில் எந்தப் பகுதியை வேகப்படுத்துகிறோமோ அந்தப் பகுதியின் பங்கைத் தாண்டி எவ்வளவு செலவழித்தாலும் பயன் கிடைக்காது. 100 நிமிடம் ஓடும் ஒரு வேலையில் 60 நிமிடம் அணிப் பெருக்கலுக்கும், மீதி 40 நிமிடம் கோப்புகளைத் திறப்பதற்கும் உரையைப் பிரிப்பதற்கும் போகிறது என்று வைத்துக்கொண்டால், பெருக்கலை 20 மடங்கு வேகமாக்கும் அட்டையை வாங்கிய பிறகும் அந்த வேலை 43 நிமிடம் எடுக்கும். விளம்பரத்தில் 20 மடங்கு என்றிருப்பது வீட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 2.3 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே லினக்ஸிலேயே கிடைக்கும் பெர்ஃப் போன்ற கருவியை ஓட்டி நேரம் எங்கே செலவாகிறது என்று பார்க்காமல் எந்த வன்பொருளையும் ஒப்பிடத் தொடங்குவதில் பொருளில்லை.

அப்படிப் பார்க்கும்போது பல வேளைகளில் தெரியவருவது, கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் தனி வன்பொருளையே மென்பொருள் பயன்படுத்தவில்லை என்பதுதான். 1980இல் இன்டெல் வெளியிட்ட 8087 என்ற துணைச் செயலி தசம எண் கணக்குக்காகவே தனியாக வாங்கிச் செருகப்பட்டது. பின்னாளில் அது மையச் செயலிக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2010இல் ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான கட்டளைகளும், 2013இல் ஹாஸ்வெல் செயலிகளோடு ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் அதே வழியில் உள்ளே வந்தன. ஏவிஎக்ஸ்2 ஒரே கட்டளையில் எட்டு ஒற்றைத் துல்லிய (32 பிட்) எண்களைக் கையாளக்கூடியது. ஆனால் பழைய செயலிகளிலும் ஓட வேண்டும் என்பதற்காகப் பொதுப்படையாகத் தொகுக்கப்பட்ட நிரல் இந்தக் கட்டளைகளைத் தொடுவதே இல்லை. ஓப்பன்பிளாஸ் போன்ற திறமூல நிரலகம் ஓடும் நேரத்தில் செயலியை அடையாளம் கண்டு அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் அணிக் கணக்குகள் பல மடங்கு வேகம் பெறுவது இப்படித்தான்.

இங்கேயே நான்கு வேலைகளில் ஒன்றுக்கு விடை கிடைத்துவிடுகிறது. அதிகத் துல்லியம் தரும் இரட்டைத் துல்லியக் (64 பிட்) கணக்கீட்டுக்குக் கிராஃபிக்ஸ் அட்டை வாங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை ஒற்றைத் துல்லியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 12.7 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் என்பது உண்மையே. ஆனால் விளையாட்டுச் சந்தைக்கான அந்தத் தலைமுறை அட்டைகளில் இரட்டைத் துல்லிய வேகம் அதில் 64இல் ஒரு பங்குதான். அதாவது சுமார் 20,000 கோடி. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ரைசன் வரிசையின் எட்டு கோர் சென் 3 செயலியோ, ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு கோர் 16 இரட்டைத் துல்லியக் கணக்குகள் என்ற வீதத்தில், கோட்பாட்டளவில் 51,200 கோடியை எட்டுகிறது. அட்டையைவிட மேசையில் ஏற்கெனவே இருக்கும் செயலி இரண்டரை மடங்கு வேகம். அந்த வேலைக்கு அட்டை வாங்குவது, ஓடும் குதிரையை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறுவது போன்றது.

மற்ற வேலைகளில் நிலைமை வேறு. மொழி மாதிரிகளைப் பொறுத்தவரை, பெருக்கல் வேகத்தைவிட நினைவகத்திலிருந்து எவ்வளவு விரைவாகப் படிக்க முடியும் என்பதே எல்லையாக நிற்கிறது. ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் மாதிரியின் எடைகள் (அது கற்றுவைத்திருக்கும் எண்கள், அளவுருக்கள் என்றும் சொல்வர்) முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி வரும். இரட்டைச் சேனல் டிடிஆர்4-3200 நினைவகம் விநாடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபி தரும். எனவே எத்தனை கோர்கள் இருந்தாலும் விநாடிக்குப் பத்துச் சொல்துண்டுகளைத் தாண்ட முடியாது. ஆர்டிஎக்ஸ் 3060 தன் 12 ஜிபி நினைவகத்திலிருந்து விநாடிக்கு 360 ஜிபி படிக்கிறது, எல்லை 72. ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டையின் 24 ஜிபி நினைவகம் 960 ஜிபி தருகிறது, எல்லை 192. நடைமுறையில் இவற்றைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்றாலும், அட்டைகளுக்கிடையிலான விகிதம் பெரும்பாலும் இப்படியே நிற்கிறது. மாதிரி அட்டையின் நினைவகத்தில் அடங்காமல் போனால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும், அட்டையை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0 பதினாறு வழி இணைப்பு விநாடிக்கு ஏறத்தாழ 32 ஜிபி மட்டுமே கடத்தும் என்பதால், அடங்காத பகுதியை அதன் வழியே இழுப்பது மையச் செயலியிலேயே ஓட்டுவதைவிட மந்தமாகிவிடலாம். ஆகவே அட்டை தேர்வில் நான் முதலில் பார்ப்பது நினைவக அளவு, அடுத்து நினைவகத்தைப் படிக்கும் வேகம். கோர்களின் எண்ணிக்கையை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன்.

இனி எந்த நிறுவனத்தின் அட்டை என்ற கேள்விக்கு வருவோம். உண்மையில் இது அட்டைகளின் ஒப்பீடு அல்ல, அவற்றின் அடியில் கிடக்கும் மென்பொருள் அடுக்குகளின் ஒப்பீடு.

என்விடியா 2007இல் வெளியிட்ட கூடா, அதாவது அதன் அட்டைகளில் கணக்குகளை ஓட்டுவதற்கான நிரலாக்கத் தளம், இந்தத் துறையின் பேச்சுமொழி ஆகிவிட்டது. ஆய்வுக் கட்டுரையோடு வரும் நிரல் முதலில் அதில்தான் ஓடும். மாதிரிகளை உருவாக்கிப் பயிற்றுவிக்கும் நிரலகமான பைடார்ச்சில் ஏதாவது புது நுட்பம் வந்தால் முதலில் அங்கேதான் சோதிக்கப்பட்டிருக்கும். ஆவணங்கள் நிறைய, கேள்விகளுக்கு விடையும் எளிதில் கிடைக்கும். ஆனால் கம்பைலரும் கணித நிரலகங்களும் மூடியவை. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் லினக்ஸின் உள்மையமான கெர்னலில் ஓடும் தன் டிரைவர் பகுதிகளைத் திறமூலமாக வெளியிட்டது. அது வரவேற்க வேண்டிய செயல்தான் என்றாலும், முன்பு டிரைவரில் இருந்த வேலைகளில் பெரும்பகுதி அட்டைக்குள்ளேயே ஓடும் மூடிய நிலைபொருளுக்கு மாறிய பின்னரே கதவு திறந்தது. லினக்ஸின் மைய மூலத்துக்கு வெளியே இருக்கும் இந்தப் பகுதிகளை, கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொகுத்தாக வேண்டும். ஒரு நாள் காலை கணினி கறுப்புத் திரையோடு எழுந்திருப்பதை இந்த வழியில் வந்தவர்கள் அறிவார்கள். 2025இல் வந்த கூடா 13, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைகளைக் கைவிட்டது. 2017இல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அட்டையின் 11 ஜிபி நினைவகம் இன்றும் விநாடிக்கு 484 ஜிபி படிக்கும், அதாவது புதிய 3060ஐவிட வேகமாக. ஆனால் புதிய கூடாவில் அதற்கு இடமில்லை. தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் கூடாநட்பை நினைவூட்டுவது தற்செயல்தான்.

ஏஎம்டியின் நிலைமை ஒரு முரண்பாடு. அதன் கெர்னல் டிரைவர் லினக்ஸின் மைய மூலத்திலேயே இருக்கிறது. 2016இல் தொடங்கிய ராக்எம் கணிப்பு அடுக்கும் பெரும்பாலும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. கூடாவுக்கு எழுதிய நிரலைச் சிறு மாற்றங்களோடு ஏஎம்டியின் ஹிப் கருவி மூலம் தொகுக்கலாம். ராக்எம்முக்கான பைடார்ச் பதிப்பில் அட்டையைக் குறிக்கும் பெயர்கூடக் கூடா என்றே வைக்கப்பட்டிருப்பது, பழைய நிரல்கள் திருத்தமின்றி ஓட வேண்டும் என்பதற்காகத்தான். இவ்வளவு இருந்தும் அதிகாரபூர்வ ஆதரவுப் பட்டியல் குறுகியது. கடைகளில் விற்கும் ரேடியான் அட்டைகளில் பல அதில் இடம்பெறுவதில்லை. பட்டியலில் இல்லாத அட்டையை வைத்திருப்பவர்கள், ஒரு சூழல் மாறியின் மூலம் அது வேறொரு மாடல் என்று மென்பொருளிடம் பொய் சொல்லி ஓட வைக்கிறார்கள். பல நேரம் ஓடவும் செய்கிறது. ஆனால் ஓர் அலுவலகத்தின் அன்றாட வேலையைப் பொய்யின் மேல் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் திறமூலம் எங்கே பயன்தருகிறது? ஆதரவு நின்ற பிறகுதான் அதன் மதிப்பு தெரிகிறது. 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580 அட்டையை ராக்எம் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. ஆனால் திறமூல கிராஃபிக்ஸ் டிரைவர்களை உருவாக்கும் மெசா திட்டத்தின் ராட்வி என்ற வல்கன் டிரைவர் (வல்கன் என்பது பல நிறுவன அட்டைகளுக்கும் பொதுவான இடைமுகம்) அதை இன்றும் தாங்குகிறது. 2023 மார்ச்சில் கியோர்கி கெர்கானோவ் தொடங்கிய, மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும் லாமா.சிபிபி திட்டத்துக்கு வல்கன் வழியும் உண்டு என்பதால், அந்தப் பழைய 8 ஜிபி அட்டை நாம் மேலே பார்த்த மொழி மாதிரியை மையச் செயலியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. உற்பத்தியாளர் கைவிட்டதைச் சமூகம் எடுத்து வளர்த்தது. அதற்கு மூல நிரலும் வன்பொருள் விவரங்களும் வெளியே இருந்ததே காரணம். இன்டெலின் ஆர்க் அட்டைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது: ஆர்க் ஏ770 அட்டையில் 16 ஜிபி நினைவகமும் விநாடிக்கு 560 ஜிபி படிக்கும் வேகமும் உண்டு, டிரைவர் லினக்ஸின் மைய மூலத்தில் உள்ளது.

வல்கனுக்கு ஒரு வரம்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பயிற்சி பெற்ற மாதிரியை ஓட்டுவதற்கு அது போதும். மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்கு நடைமுறையில் பயன்படாது. குழுவில் ஒருவராவது பைடார்ச்சில் பயிற்சிப் பணி செய்கிறார் என்றால் கூடாவோ ராக்எம்மோ வேண்டும், மூன்றாம் வழி தேடுவது நேர விரயம்.

நேர்காணல்களை எழுத்தாக்கும் வேலைக்கும் வல்கனில் ஓடும் இத்தகைய அட்டையே போதும். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர், தமிழ் உட்பட ஏறத்தாழ நூறு மொழிகளைக் கேட்டு எழுதும் திறந்த மாதிரி. அதன் பெரிய வடிவத்தில் சுமார் 155 கோடி அளவுருக்கள் உள்ளன. அரைத் துல்லியத்தில் 3 ஜிபிக்குச் சற்றுமேல் வரும். லாமா.சிபிபியின் உடன்பிறப்பான விஸ்பர்.சிபிபியும் வல்கனில் ஓடுகிறது. வீடியோ மாற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அட்டைகளுக்குள் இருக்கும் வீடியோ குறியாக்கி வேகமானது, ஆனால் ஒரே கோப்பு அளவில் ஒப்பிட்டால் எக்ஸ்264, எஸ்விடி-ஏவி1 போன்ற திறமூலக் குறியாக்கிகள் நிதானமாகச் செய்யும் வேலையின் தரத்தை எட்டுவதில்லை. நேரலைக்கு அட்டை, ஆவணக் காப்புக்கு இரவெல்லாம் ஓடும் மையச் செயலி என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஏவி1 வடிவத்தை அட்டையிலேயே எழுத வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3060 உதவாது. ஆர்க் வரிசையில் அந்த வசதி 2022 முதல் இருக்கிறது.

யுஎஸ்பியில் செருகும் சிறு முடுக்கிகள் விலை குறைவு, மின்சாரமும் குறைவு என்பதால் மனத்தை இழுக்கும். கூகுள் 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோரல் முடுக்கி, வெறும் 2 வாட்டில் விநாடிக்கு 4 லட்சம் கோடி 8 பிட் கணக்குகள் செய்கிறது. கண்காணிப்புக் கேமராவில் ஆள் தெரிகிறாரா என்று பார்க்க இன்றும் அது நல்ல கருவி. ஆனால் அதற்குள் எடைகளை வைக்க இருக்கும் இடம் சுமார் 8 எம்பி. 3 ஜிபி விஸ்பர் மாதிரிக்கு அது சுண்டைக்காய். அதைவிட முக்கியம், மாதிரிகளை அதற்கேற்ப மாற்றும் கம்பைலர் மூடியது, அதிகாரபூர்வ பைதான் நிரலகம் 3.9ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டெலின் நியூரல் கம்ப்யூட் ஸ்டிக் 2க்கும் இதே கதி: அதை இயக்கும் மென்பொருளான ஓப்பன்வினோவின் 2022.3 பதிப்புக்குப் பிறகு அதற்கான ஆதரவு நீக்கப்பட்டது. வன்பொருள் பழுதாகவில்லை, மென்பொருள் நகர்ந்துவிட்டது. ஒரே ஒரு வேலையை ஆண்டுக்கணக்கில் மாற்றமின்றிச் செய்யப்போகும் இடத்தில் மட்டுமே இவற்றை வாங்கலாம்.

எஃப்பிஜிஏவைப் பற்றி நீளமாகவே பேச வேண்டும், ஏனெனில் திறமூல ஆர்வலர்கள் அதிகம் ஏமாறும் இடம் அது. வயரிங்கையே நிரல் மூலம் மாற்றியமைக்கக்கூடிய சில்லு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! 2015இல் கிளேர் வுல்ஃபின் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் லாட்டிஸ் ஐசிஇ40 சில்லுகளின் உள்வடிவத்தைப் பின்னோக்கி ஆராய்ந்து, வன்பொருளை விவரிக்கும் வெரிலாக் மொழி நிரலிலிருந்து சில்லில் ஏற்றும் கோப்பு வரை முழுவதும் திறந்த கருவிகளாலேயே செல்ல வழியமைத்தது. யோசிஸ் தர்க்கத்தைத் தொகுக்கிறது, நெக்ஸ்ட்பிஎன்ஆர் அதைச் சில்லின் பரப்பில் இடம்பிரித்து இணைக்கிறது. பிறகு டிரெல்லிஸ் திட்டத்தின் வழியாக ஈசிபி5 குடும்பமும் திறந்தது. கற்பதற்கு இதைவிடச் சிறந்த மேடை இல்லை.

வேகத்துக்கு? ஈசிபி5 குடும்பத்தின் பெரிய சில்லில் 156 பெருக்கிகள் உள்ளன. திறந்த கருவிகளோடு 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் விநாடிக்கு 1,560 கோடிப் பெருக்கல்கள் கிடைக்கும். நம் மேசையில் இருக்கும் எட்டு கோர் செயலியின் கோட்பாட்டு எல்லை ஒற்றைத் துல்லியத்தில் அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். மையச் செயலியின் துடிப்பு 40 மடங்கு வேகமானது என்பதால், ஒரே துடிப்பில் நூற்றுக்கணக்கான வேலைகளைப் பக்கம்பக்கமாகச் செய்யும் வடிவமைப்பு இல்லாவிட்டால் எஃப்பிஜிஏ தோற்றே தீரும். பெரிய சில்லுகளில் அந்த வசதி உண்டு; மைக்ரோசாஃப்ட் 2014இல் வெளியிட்ட கேட்டபல்ட் ஆய்வில் 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்தி, பிங் தேடலின் தரவரிசைப் பணியில் ஒரு சர்வரின் திறனை 95 விழுக்காடு உயர்த்திக் காட்டினார்கள். ஆனால் அத்தகைய சில்லுகளின் கருவிகள் மூடியவை. மைக்ரோசாஃப்டின் அந்த முயற்சிக்குப் பின்னால் வன்பொருள் பொறியாளர்களின் குழுவும் இருந்தது.

எஃப்பிஜிஏ வெல்லும் களம் வேறு. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் மோதல் வளையத்தில் 25 நானோவிநாடிக்கு ஒருமுறை துகள் கற்றைகள் குறுக்கிடுகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று சிஎம்எஸ் கருவியின் முதல் நிலை வடிகட்டி சுமார் 4 மைக்ரோவிநாடிக்குள் முடிவெடுக்கிறது. இயங்குதளம், பிசிஐஇ, டிரைவர் என்று சுற்றிவரும் கிராஃபிக்ஸ் அட்டையால் அந்த உறுதியைத் தர இயலாது. நரம்பியல் வலைகளை எஃப்பிஜிஏவுக்கு மாற்றித்தரும் எச்எல்எஸ்4எம்எல் என்ற திறமூலக் கருவி இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. வேலை வந்து விழும் கணத்திலிருந்து விடை வரும் கணம் வரை நேரம் பிசகக் கூடாது என்றால் எஃப்பிஜிஏ. மொத்தமாக எவ்வளவு முடிந்தது என்பதே கணக்கென்றால் அட்டை. நம் குழுவின் நான்கு வேலைகளும் இரண்டாம் வகை.

சொந்தச் சில்லு என்பது இக்குழுவுக்கு வெறும் பேச்சு என்றாலும், ஒப்பீட்டின் மேல் எல்லை எங்கிருக்கிறது என்று காட்ட அது உதவும். கூகுள் 2015இல் தன் தரவு மையங்களில் பொருத்திய முதல் டிபியு என்ற செயற்கை நுண்ணறிவுச் சில்லில் 65,536 சிறு பெருக்கிகள் இருந்தன. அக்காலத்துச் செயலிகளையும் அட்டைகளையும்விட 15 முதல் 30 மடங்கு வேகம் என்று 2017இல் அறிவித்தார்கள். திறமூல உலகில் 2020இல் ஸ்கைவாட்டர் சில்லு ஆலையின் 130 நானோமீட்டர் செயல்முறைக் கோப்புகள் வெளியாயின. ஓப்பன்ரோடு என்ற திறமூல வடிவமைப்புக் கருவிகளைக் கொண்டு மாணவர்களும் சில்லு வரைகிறார்கள். ஆனால் 130 நானோமீட்டர் என்பது 2001ஆம் ஆண்டு வாக்கில் முன்னணியில் இருந்த நுட்பம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் இதற்கு நல்ல ஒப்புமை. வடிவமைப்பு முழுவதும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் 2018இல் ஒரு வடிவம் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும் மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியின் 180 நானோமீட்டர் ஆலையிலும் வார்க்கப்பட்டன. வடிவமைப்பு திறந்திருந்தாலும் வேகத்தை ஆலையே தீர்மானிக்கிறது.

எனவே இந்தக் குழுவுக்கு என் தேர்வு: பயிற்சிப் பணி இல்லையென்றால் 16 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகமுள்ள இன்டெல் அல்லது ஏஎம்டி அட்டை, வல்கன் வழியாக. பயிற்சிப் பணி வாரந்தோறும் இருக்கும் என்றால் என்விடியா; அப்போது அதை ஐந்தாறு ஆண்டுத் தேய்மானக் கணக்கில் எழுத வேண்டும், பத்தாண்டுச் சொத்தாக அல்ல. 7900 எக்ஸ்டிஎக்ஸை ராக்எம் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், அது இரண்டு தேவைக்கும் நடுவில் நிற்கும். ஆனால் அது முழு வேகத்தில் 355 வாட் இழுக்கும், ஆர்க் ஏ770 இழுப்பது 225 வாட். பழைய பெட்டியின் மின்வழங்கி 500 வாட் என்றால் அட்டையின் விலையோடு அதன் விலையையும் கூட்ட வேண்டும். ஆர்க் அட்டைக்கு மதர்போர்டின் பயாஸில் ரீசைசபிள் பார் (அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒருசேர அணுக விடும் அமைப்பு) வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் வெகுவாகக் குறையும்.

பணத்தை எடுப்பதற்கு முந்தைய வாரத்தில், ஒரு மணி நேர நேர்காணல் ஒலிப்பதிவு, இருபது பக்க ஆவணம், பத்து நிமிட வீடியோ ஆகிய மூன்றையும் இப்போதுள்ள செயலியில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரகசியமில்லாத கோப்புகளாகப் பார்த்து எடுத்தால், அதே மூன்றையும் வாடகைக்குக் கிடைக்கும் அட்டையுள்ள சர்வரில் ஓரிரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு பட்டியல்களுக்கும் இடையிலான வித்தியாசம், ஊழியர் ஒருவர் நாள்தோறும் காத்திருக்கும் நேரத்தைவிடச் சிறியதாக இருந்தால், இந்த ஆண்டு அட்டை வாங்க வேண்டியதில்லை.